அப்பாவுக்கு 50 வயதாகிவிட்டதா? புரோஸ்டேட் பரிசோதனை பற்றி வீட்டில் பேச வேண்டியவை

அப்பா ராத்திரியில் மூன்று முறை எழுந்து பாத்ரூம் போகிறார். கேட்டால், "இனிப்பு நீர் இருக்குல்ல, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். அம்மாவும் ஆமாம் போடுகிறார். பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது.

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கும், மலாக்கா நகரத்து தாமான்களில் இருப்பவர்களுக்கும் இந்தப் பதில் பழகிப்போன ஒன்று. பெரும்பாலான நேரம் அப்பா சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால், ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஆணின் சிறுநீர்ப் பிரச்சினைக்குப் பின்னால் புரோஸ்டேட் என்ற சின்னச் சுரப்பியும் இருக்கலாம். அந்தச் சுரப்பியில் புற்றுநோய் வந்தால் ஆரம்பத்தில் வலி, காய்ச்சல் என்று எந்த அறிகுறியும் தெரியாது.

இதற்கு ஓர் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. பெயர் பி.எஸ்.ஏ. அதை எடுக்கலாமா, எத்தனை முறை எடுப்பது, முடிவு மோசமாக வந்தால் எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது? இந்தக் கேள்விகளுக்கு 'ஆமாம்', 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

புரோஸ்டேட் என்றால் என்ன?

ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி இது. சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, ஏறக்குறைய ஒரு வால்நட் கொட்டை அளவில் இருக்கும். விந்துவுடன் கலக்கும் திரவத்தின் ஒரு பகுதியை உற்பத்தி செய்வது இதன் வேலை.

வயது ஏற ஏற இது வீங்கிப் பெரிதாகும். அப்போது சிறுநீர்க் குழாய் நெருக்கப்படும். அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வு, மெதுவாக வரும் சிறுநீர், போய்விட்டு வந்த பிறகும் மீதம் இருப்பது போன்ற உணர்வு எல்லாம் அதனால்தான். இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல; புற்றுநோயாக மாறுவதும் இல்லை. பிரிட்டிஷ் மன்னர் சார்லஸ் 2024 ஜனவரியில் சிகிச்சை பெற்றது இந்த வீக்கத்துக்குத்தான்.

புற்றுநோய் வேறு. அது பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்புறப் பகுதியில் தொடங்குகிறது. அங்கே வளரும் கட்டி சிறுநீர்க் குழாயை உடனே நெருக்காது. அதனால், சிறுநீர் நன்றாகப் போகும் ஒருவருக்கும் புற்றுநோய் இருக்கலாம். இரவில் ஐந்து முறை எழுந்து போகிறவருக்குப் புற்றுநோய் இல்லாமலும் இருக்கலாம்.

மலேசியாவில் நிலைமை என்ன?

2012 முதல் 2016 வரையிலான மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, நம் நாட்டு ஆண்களிடையே பெருங்குடல், நுரையீரல் புற்றுநோய்களுக்கு அடுத்து மூன்றாவது இடத்தில் இருப்பது புரோஸ்டேட் புற்றுநோய். கவலை தருவது இன்னொரு விவரம். கண்டுபிடிக்கப்படுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

நோய் சுரப்பிக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் என்ன ஆகும்? அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டில், அப்படிப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லாருமே ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். எலும்பு போன்ற தொலைவான இடங்களுக்குப் பரவிய பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஐந்து ஆண்டுகளைக் கடப்பவர்கள் சுமார் மூன்றில் ஒருவர்தான்.

நம் சமூகத்தில் தாமதத்துக்கு ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. நாட்டின் சராசரி 18.3 விழுக்காடு. அடிக்கடி சிறுநீர் போவது இனிப்பு நீரின் அறிகுறியும்கூட. அதனால் எது வந்தாலும் பழி சர்க்கரை மேல் விழுந்துவிடுகிறது.

அடுத்தது கூச்சம். தோட்டத்து கிளினிக்கில் டிரஸரிடம் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் மருந்து வாங்கிப் பழகிய தலைமுறை இது. பால்மரம் சீவியவர்கள், செம்பனைக் குலை வெட்டியவர்கள், உடம்பு தாங்கும் வரைக்கும் வேலைக்குப் போனவர்கள். 'அந்த இடத்தில்' பிரச்சினை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. "எனக்கு ஒன்னும் இல்லடா, நீ வேலையப் பாரு" என்பதுதான் பதிலாக இருக்கும்.

பி.எஸ்.ஏ. பரிசோதனை எதைச் சொல்கிறது?

பி.எஸ்.ஏ. என்பது புரோஸ்டேட் சுரப்பி உற்பத்தி செய்யும் ஒரு புரதம். அதில் கொஞ்சம் இரத்தத்தில் கலக்கும். கையில் ஊசி குத்தி எடுக்கும் இரத்தத்திலிருந்து அதன் அளவைக் கணக்கிடுவார்கள். வழக்கமாக ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமுக்கு மேல் இருந்தால் 'கூடுதல்' என்பார்கள். சில நாடுகளில் 3 என்பதே எல்லை.

இந்த எண் புற்றுநோயை நேராகக் காட்டுவதில்லை. சுரப்பியில் ஏதோ நடக்கிறது என்று மட்டும் சொல்கிறது. சாதாரண வீக்கம், கிருமித் தொற்று, சுரப்பி அழற்சி ஆகியவையும் எண்ணை உயர்த்தும். எண் கூடுதலாக வந்த நால்வரில் சுமார் மூவருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை.

மறுபக்கமும் உண்டு. 4 அல்லது அதற்குக் கீழே இருந்த ஆண்களுக்கும் திசுப் பரிசோதனை செய்து பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், சுமார் ஏழு பேரில் ஒருவருக்குப் புற்றுநோய் இருந்தது. பெரும்பாலும் அது வீரியம் குறைந்த வகை.

இரத்தம் கொடுப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில:

• முந்தைய 48 மணி நேரத்தில் உடலுறவு, விந்து வெளியேற்றம் வேண்டாம்.
• சைக்கிள் ஓட்டுவது உட்பட கடுமையான உடற்பயிற்சியையும் அந்த 48 மணி நேரத்துக்குத் தவிர்க்கவும்.
• சிறுநீர்த் தொற்று இருந்திருந்தால், குணமாகி ஆறு வாரம் கழித்து எடுப்பது நல்லது.
• புரோஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைட் மாத்திரை சாப்பிடுகிறாரா? அது பி.எஸ்.ஏ. எண்ணை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும். டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

"விரல் விட்டுப் பார்ப்பாங்களாமே?" என்பதுதான் பலரைத் தடுக்கும் பயம். ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்க்கும் அந்தப் பரிசோதனை சில நிமிடம்கூட ஆகாது. ஆனால், அறிகுறி இல்லாதவர்களின் ஆரம்பப் புற்றுநோயைக் கண்டுபிடிப்பதில் அது பலவீனமானது என்று ஜெர்மனியில் 45 வயது ஆண்களிடையே நடந்த ஆய்வு காட்டியது. அதற்குப் பயந்து இரத்தப் பரிசோதனையையும் தவிர்க்க வேண்டியதில்லை. அறிகுறிகளோடு போகிறவருக்கு டாக்டர் அதைச் செய்யலாம்.

சரி, எல்லாரும் எடுத்துவிடலாமா?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. எல்லா ஆண்களையும் பி.எஸ்.ஏ. பரிசோதனைக்கு அழைக்கும் தேசியத் திட்டம் மலேசியாவில் இல்லை. பெரும்பாலான நாடுகளிலும் இல்லை. காரணத்தைப் புரிந்துகொள்ள இரண்டு பெரிய ஆய்வுகளைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, எட்டு ஐரோப்பிய நாடுகளில் 1990-களில் தொடங்கிய ஆய்வு. 55 முதல் 69 வயது வரையிலான ஒரு லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. பரிசோதனை, இன்னொன்றுக்கு அந்த அழைப்பு இல்லை. 23 ஆண்டுகள் கழித்து, 2025-இல் வெளியான முடிவு இது: அழைக்கப்படாதவர்களில் 1,000 பேருக்கு 16 பேர் புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்தார்கள். அழைக்கப்பட்டவர்களில் 14 பேர்.

ஆயிரத்துக்கு இரண்டு உயிர். சின்னதாகத் தெரியலாம். அந்த இருவரில் ஒருவர் நம் வீட்டுக்காரராக இருந்தால் சின்னது இல்லை.

இரண்டாவது, பிரிட்டனில் நடந்தது. அங்கே ஒரே ஒருமுறை மட்டும் பரிசோதனைக்கு அழைத்தார்கள். 15 ஆண்டுகளில் கிடைத்த பலன் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு. அழைக்கப்பட்டவர்களில் 0.69 விழுக்காடு, மற்றவர்களில் 0.78 விழுக்காடு இறப்பு.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. 'ஒருதடவை எடுத்தேன், நல்லா இருந்துச்சு, முடிஞ்சது' என்பதில் பெரிய பலன் இல்லை. பலன் இருக்கிறதென்றால் அது தொடர்ந்து கண்காணிப்பதில்தான்.

இதற்கு விலையும் உண்டு. ஐரோப்பிய ஆய்வில், ஒரு இறப்பைத் தடுக்க கூடுதலாக 12 பேருக்கு 'உங்களுக்குப் புற்றுநோய்' என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர்களில் பலருக்கு இருந்தது மெதுவாக வளரும் வகை. கண்டுபிடிக்காமலே விட்டிருந்தாலும், அவர்கள் வேறு காரணத்தால் வயதாகி இறந்திருப்பார்கள். எழுபது வயதைக் கடந்த ஆண்களில் கணிசமானவர்களுக்கு இப்படிப்பட்ட, தொல்லை தராத புற்றுநோய் இருப்பது பிரேதப் பரிசோதனைகளில் தெரிய வந்திருக்கிறது. அவர்களுக்குத் தேவையில்லாமல் அறுவை சிகிச்சை செய்தால், நோய் கொடுக்காத கஷ்டத்தைச் சிகிச்சை கொடுத்துவிடும்.

ஆகவே, பரிசோதனைக்கு முன்பே அப்பா தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: இது உயிரைக் காப்பாற்றலாம், தேவையில்லாத கவலையையும் தரலாம். இரண்டையும் தெரிந்துகொண்டு அவரே முடிவெடுக்க வேண்டும்.

யார், எப்போது பேச்சைத் தொடங்க வேண்டும்?

• பொதுவாக 50 வயதில் டாக்டரிடம் பேசலாம். அமெரிக்க அரசு சார்ந்த நிபுணர் குழு 55 முதல் 69 வயது வரையிலானவர்கள் டாக்டருடன் பேசி முடிவெடுக்கலாம் என்கிறது. 70-க்கு மேல் வழக்கமான பரிசோதனை வேண்டாம் என்பது அதன் நிலைப்பாடு.
• அப்பா, அண்ணன், தம்பி யாருக்காவது புரோஸ்டேட் புற்றுநோய் இருந்திருந்தால், 45 வயதிலேயே.
• குடும்பத்தில் பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணு மாற்றம் இருப்பது தெரிந்தால், 40 வயதில்.

கடைசி விஷயம் பலருக்குத் தெரியாது. மார்பகப் புற்றுநோய்க்கும் கருப்பைச் சூலகப் புற்றுநோய்க்கும் காரணமாகும் அதே மரபணு மாற்றம் ஆண்களுக்கு வீரியமான புரோஸ்டேட் புற்றுநோயைக் கொண்டுவரலாம். அதனால் 'நம்ம வீட்ல யாருக்கு என்ன நோய் வந்துச்சு' என்று கேட்கும்போது, பாட்டி, அத்தை, பெரியம்மா கதைகளையும் சேர்த்துக் கேளுங்கள். 'வயித்துல கட்டி வந்து போயிட்டாங்க' என்று மட்டும் சொல்லப்பட்ட கதைகளையும்.

ஒலிம்பிக் சைக்கிள் வீரர் கிறிஸ் ஹோய்க்கு 2023-இல் நான்காம் கட்டப் புரோஸ்டேட் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டபோது வயது 47. அவருடைய அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அதே நோய் இருந்தது. உடல் உறுதி குடும்ப வரலாற்றை அழித்துவிடாது.

தோட்டத்தில் மருந்தடித்தவர்களுக்கு ஆபத்து கூடுதலா?

நம் தோட்டங்களில் மருந்தடிப்பு வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்தார்கள். ஆண்களும் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பூச்சிக்கொல்லி தெளிக்கும் விவசாயிகளை நீண்ட காலம் கண்காணித்த ஆய்வில், அவர்களிடையே புரோஸ்டேட் புற்றுநோய் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே காணப்பட்டது. சில குறிப்பிட்ட மருந்துகளுக்கும் வீரியமான வகைக்கும் தொடர்பு இருக்கலாம் என்றும் அது சொல்கிறது. 'மருந்தடித்ததால்தான் வந்தது' என்று ஒரு தனி மனிதருக்கு இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால், அப்பா எத்தனை வருடம் என்ன வேலை செய்தார் என்பதை டாக்டரிடம் சொல்வதில் தவறே இல்லை.

மலாக்காவில் எங்கே போவது?

முதல் படி, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக். பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். அங்குள்ள டாக்டர் வயது, அறிகுறி, குடும்ப வரலாறு எல்லாம் பார்த்துத்தான் பி.எஸ்.ஏ. எழுதுவார். கேட்டவுடனே எடுத்துக் கொடுக்கும் பரிசோதனை அல்ல. அதனால் போகும்போதே, "சிறுநீர்ப் பிரச்சினை இருக்கு", "என் அண்ணனுக்கு இந்தப் புற்றுநோய் இருந்தது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். 'சும்மா செக் பண்ணலாம்னு வந்தோம்' என்றால் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தத்தோடு முடிந்துவிடலாம்.

எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு 'பெக்கா பி40' திட்டத்தின் கீழ் இலவச உடல்நலப் பரிசோதனை உண்டு. திட்டத்தில் பதிந்துள்ள தனியார் கிளினிக்குகளிலும் இதைச் செய்துகொள்ளலாம். சொக்சோவும் 40 வயதைத் தாண்டிய சந்தாதாரர்களுக்குப் பரிசோதனைத் திட்டம் நடத்துகிறது. இரண்டிலும், புரோஸ்டேட் பற்றிப் பேச வேண்டும் என்று டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

தனியார் மருத்துவமனைகளின் 'பேக்கேஜ்' பரிசோதனைகளில் பி.எஸ்.ஏ. தானாகவே சேர்ந்திருக்கலாம். அப்படியானால் ஒரு சிக்கல் இருக்கிறது. என்ன எடுக்கிறோம் என்றே தெரியாமல் எடுத்து, கூடுதலான எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பயப்படுவது. முடிவை விளக்க டாக்டர் நேரம் ஒதுக்குவாரா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. சிறுநீர் அடியோடு நின்றுபோனால், சிறுநீரில் இரத்தம் வந்தால், முதுகெலும்பில் விடாத வலியோடு கால்கள் பலவீனமானால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடைசியாகச் சொன்னது, புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவித் தண்டுவடத்தை அழுத்துவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம் அது.

எண் கூடுதலாக வந்தால் அடுத்து என்ன?

முதலில் பதற்றம் வேண்டாம். சில வாரங்கள் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள். அப்போதும் கூடுதலாக இருந்தால் யூரோலஜி நிபுணரிடம் அனுப்புவார்கள்.

முன்பெல்லாம் எண் கூடினால் நேரே ஊசியால் திசு எடுப்பார்கள். இப்போது, வசதி உள்ள இடங்களில், அதற்கு முன் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப்படுகிறது. 2017, 2018-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் இந்த மாற்றத்துக்குக் காரணம். ஸ்கேனில் சந்தேகம் எதுவும் இல்லையென்றால் பலருக்குத் திசுப் பரிசோதனையே தேவைப்படாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் எந்த இடத்தில் ஊசி போட வேண்டும் என்பது தெரியும்.

திசு அறிக்கையில் கிளீசன் மதிப்பெண் என்று ஒன்று இருக்கும். செல்கள் எவ்வளவு முரட்டுத்தனமாகத் தெரிகின்றன என்பதற்கான கணக்கு அது. 6 என்றால் வீரியம் குறைவு. 8, 9, 10 என்றால் அதிகம். 7-இல் ஒரு நுணுக்கம் உண்டு: '3+4' என்பதும் '4+3' என்பதும் கூட்டினால் ஒன்றுதான், ஆனால் இரண்டாவது கூடுதல் ஆபத்தானது. அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து எடுக்கும் எல்லா முடிவும் அந்தத் தாளைப் பொறுத்தே இருக்கும்.

எந்தச் சிகிச்சை?

'கேன்சர்' என்ற சொல் காதில் விழுந்ததும், 'உடனே வெட்டி எடுத்துடுங்க டாக்டர்' என்று குடும்பமே சொல்லும். சுரப்பிக்குள் அடங்கியிருக்கும் புரோஸ்டேட் புற்றுநோயில் அந்த அவசரம் பெரும்பாலும் தேவையில்லை. யோசிக்கச் சில வாரங்கள் இருக்கின்றன.

இதற்கு வலுவான ஆதாரம் பிரிட்டனில் நடந்த இன்னோர் ஆய்வு. பி.எஸ்.ஏ. பரிசோதனையில் ஆரம்பக் கட்டப் புற்றுநோய் தெரிய வந்த 1,643 ஆண்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள்: கண்காணிப்பு மட்டும், அறுவை சிகிச்சை, கதிரியக்கச் சிகிச்சை. 15 ஆண்டுகள் கழித்து, 2023-இல் வெளியான முடிவில், மூன்று பிரிவிலும் அந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூவர் அளவுதான்.

வித்தியாசம் வேறு இடங்களில் இருந்தது. நோய் உடலின் மற்ற பகுதிகளுக்குப் பரவியது கண்காணிப்புப் பிரிவில் 9.4 விழுக்காடு. மற்ற இரண்டிலும் சுமார் 5 விழுக்காடு. இன்னொரு பக்கம், கண்காணிப்பில் இருந்தவர்களில் சுமார் நான்கில் ஒருவர் 15 ஆண்டு முடிவிலும் எந்தப் புற்றுநோய்ச் சிகிச்சையும் எடுக்காமல் உயிரோடு இருந்தார்.

அப்படியென்றால், தேர்வு எதைப் பொறுத்தது? பக்க விளைவுகளை.

தீவிரக் கண்காணிப்பு: வீரியம் குறைந்த வகைக்கு. சில மாதங்களுக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., இடையிடையே ஸ்கேன், தேவைப்பட்டால் மறுபடியும் திசுப் பரிசோதனை. நோய் வேகமெடுத்தால் சிகிச்சை தொடங்கும். 'ஒன்னும் செய்யாம விட்டுட்டாங்க' என்று இதை நினைக்கக் கூடாது. ஆனால், தேதி தவறாமல் போகிறவருக்கு மட்டுமே இது பாதுகாப்பு.

அறுவை சிகிச்சை: சுரப்பியை முழுதாக எடுத்துவிடுவார்கள். அதே பிரிட்டிஷ் ஆய்வில், ஆறு மாதம் கழித்து 46 விழுக்காட்டினர் சிறுநீர்க் கசிவுக்காகப் பேட் பயன்படுத்தினார்கள். ஆறு ஆண்டுகளில் அது 17 விழுக்காடாகக் குறைந்தது. ஆண்குறி விறைப்புத்தன்மையும் பாதிக்கப்படும். ஆறு மாதத்தில் உடலுறவுக்குப் போதுமான விறைப்பு இருந்தவர்கள் 12 விழுக்காடுதான். கதிரியக்கம் பெற்றவர்களில் அது 22, கண்காணிப்பில் இருந்தவர்களில் 52 விழுக்காடு.

கதிரியக்கச் சிகிச்சை: கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. சிறுநீர்க் கசிவு குறைவு. குடல் தொந்தரவு, மலத்தில் இரத்தம் போன்றவை சிலருக்கு வரும். பலருக்கு இதோடு சேர்த்து ஹார்மோன் ஊசியும் தேவைப்படும்.

ஹார்மோன் சிகிச்சை: புரோஸ்டேட் புற்றுநோய் ஆண் ஹார்மோனை உணவாகக் கொண்டு வளர்வது. 1941-இல் இதைக் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. பரவிவிட்ட நோய்க்கு இன்றும் இதுதான் அடித்தளம். மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஊசி போடலாம். விரைகளை அறுவை மூலம் நீக்குவதும் ஒரு வழி. உடல் சூடாவது, எலும்பு பலவீனமாவது, எடை கூடுவது போன்ற விளைவுகள் உண்டு. சர்க்கரை அளவும் ஏறலாம். இனிப்பு நீர் உள்ள அப்பாவுக்கு இது முக்கியம். இந்த ஊசியைத் தொடங்கும்போது சர்க்கரை மருந்தையும் மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

பக்கத்து நாட்டு உதாரணம் ஒன்று. சிங்கப்பூர்ப் பிரதமராக இருந்த லீ சியன் லூங்கிற்கு 2015-இல் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் சந்தேகம் எழுந்தது. எடுத்த 38 திசு மாதிரிகளில் ஒன்றில் மட்டும் புற்றுநோய்ச் செல்கள் இருந்தன. அவர் அறுவை சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார். மீண்டு வந்து இன்னும் ஒன்பது ஆண்டுகள் பிரதமராக இருந்தார். அதே அறிக்கையோடு வரும் வேறொருவர், வேறு வயதில், வேறு உடல்நிலையில், கண்காணிப்பைத் தேர்ந்தெடுத்தாலும் தவறில்லை.

தூரமும் ஒரு காரணிதான்

புத்தகங்களில் எழுதாத, மலாக்காகாரர்கள் கணக்கில் எடுக்க வேண்டிய ஒன்று போக்குவரத்து. கதிரியக்கச் சிகிச்சை ஒரே நாளில் முடிவதில்லை. இப்போது பரவலாக உள்ள முறையில் வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு வாரம், மொத்தம் 20 தடவை. பழைய முறையில் ஏழெட்டு வாரம். அரசாங்கக் கதிரியக்க மையங்களில் மலாக்காவுக்கு வடக்கே இருப்பது புத்ராஜெயாவில் உள்ள தேசியப் புற்றுநோய்க் கழகம். ஒரு வழிக்கே நூறு கிலோமீட்டருக்கும் மேல். தெற்கே ஜொகூர் பாருவில் உள்ள சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை; அது இருநூறு கிலோமீட்டரைத் தாண்டும்.

மெர்லிமாவிலோ செலண்டாரிலோ இருக்கும் அப்பாவைத் தினமும் யார் கூட்டிப்போவது? அங்கேயே தங்குவதாக இருந்தால் யார் வீட்டில்? மகனுக்கு லீவு கிடைக்குமா? இதெல்லாம் மருத்துவக் கேள்வி இல்லை என்று தயங்க வேண்டாம். டாக்டரிடமே கேட்கலாம். குறைந்த தடவைகளில் முடிக்க முடியுமா, தங்குவதற்கு ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள்.

பெக்கா பி40 தகுதி உள்ளவர்களுக்கு, சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பதற்கான ஊக்கத்தொகையாக 1,000 ரிங்கிட்டும், தீபகற்பத்தில் இருப்பவர்களுக்குப் போக்குவரத்து உதவியாக 500 ரிங்கிட் வரையிலும் உண்டு. சிகிச்சை தொடங்கும்போதே மருத்துவமனையில் விண்ணப்பத்தைப் பற்றி விசாரியுங்கள். முடிந்த பிறகு அலைவது கஷ்டம்.

மொழிபெயர்க்கப் போவது நீங்கள்தான்

டாக்டர் மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசுவார். அப்பாவுக்கு மலாய் தெரியும். ஆனால் கடையில் பேசும் மலாய் வேறு, 'அறுவைக்குப் பிறகு சிறுநீர் கசியலாம்' என்று டாக்டர் சொல்லும் மலாய் வேறு. அதனால் அறைக்குள் கூடவே போவது பெரும்பாலும் மகனோ மகளோதான்.

அங்கே நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. அப்பா பயந்துவிடுவார் என்று பாதியைச் சொல்லாமல் விடுவது. அல்லது, 'அதெல்லாம் அப்பாகிட்ட எப்படிக் கேக்கிறது' என்று உடலுறவு பற்றிய கேள்வியை மொழிபெயர்க்காமல், "அதெல்லாம் பரவாயில்ல டாக்டர், உயிர் இருந்தா போதும்" என்று அவருக்காக நீங்களே பதில் சொல்லிவிடுவது. அது உங்கள் பதில். அவருடையது என்ன என்று யாரும் கேட்கவே இல்லை. அம்மாவிடமும் கேட்கவில்லை.

கூச்சமாக இருந்தால் வழிகள் உண்டு. அந்த ஒரு சந்திப்புக்கு மட்டும் மாமாவையோ சித்தப்பாவையோ அண்ணனையோ கூட்டிப்போகச் சொல்லலாம். தமிழ் பேசும் டாக்டரோ தாதியோ இருக்கிறார்களா என்று கேட்கலாம். அப்பாவும் அம்மாவும் டாக்டரோடு தனியாகப் பேசச் சில நிமிடம் கொடுத்துவிட்டு வெளியே நிற்கலாம்.

கையில் எழுதி எடுத்துப்போக வேண்டிய கேள்விகள் இவை:

• புற்றுநோய் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே பரவிவிட்டதா?
• கிளீசன் மதிப்பெண் எவ்வளவு?
• இப்போதைக்குக் கண்காணித்தால் போதுமா? போதாது என்றால் ஏன்?
• ஒவ்வொரு சிகிச்சைக்குப் பிறகும் சிறுநீர், மலம், உடலுறவு எப்படி இருக்கும்?
• அப்பாவின் வயது, இனிப்பு நீர், இதயம் ஆகியவற்றைப் பார்த்தால் எது பொருந்தும்?
• முடிவெடுக்க எத்தனை வாரம் இருக்கிறது?
• அறுவை நிபுணரைப் பார்த்தாகிவிட்டது. கதிரியக்க நிபுணரையும் பார்க்க முடியுமா?

கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். அறுவை நிபுணருக்கு அறுவை சிகிச்சை நன்றாகத் தெரியும். கதிரியக்க நிபுணருக்குக் கதிரியக்கம் நன்றாகத் தெரியும். இருவரையும் கேட்டபிறகு எடுக்கும் முடிவில் பின்னால் வருத்தம் குறைவாக இருக்கும்.

இந்த வாரம் என்ன செய்யலாம்?

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கு 2025 மே மாதம் எலும்புக்குப் பரவிய புரோஸ்டேட் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. கடைசியாக அவருக்கு பி.எஸ்.ஏ. எடுத்தது 2014-இல் என்று அவரது தரப்பு தெரிவித்தது. எழுபதைத் தாண்டியவர்களுக்கு வழக்கமாக எடுப்பதில்லை என்ற பரிந்துரைக்கு உட்பட்டதுதான் அது. ஆக, சிறந்த மருத்துவ வசதி உள்ளவருக்கும் இது எளிதான கணக்கு இல்லை.

நம் வீட்டில் பிரச்சினை வேறு. முடிவெடுத்துப் பரிசோதனையை வேண்டாம் என்று சொன்ன அப்பாக்கள் நம்மிடையே குறைவு. அப்படி ஒரு பரிசோதனை இருப்பதே தெரியாதவர்கள்தான் அதிகம். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது, பசியாறும் நேரத்தில் இரண்டே கேள்வி கேட்டுப் பாருங்கள். "ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கிறீங்கப்பா?" "நம்ம தாத்தாவுக்குக் கடைசியில என்ன நோய்னு சொன்னாங்க?"

முதல் நாள் பதில் வராமல் போகலாம். இனிப்பு நீர் மருந்து வாங்க அவர் கிளினிக்குக்குப் போகும் தேதி எப்படியும் வரும். அன்றைக்குக் கூடவே போய், டாக்டரிடம் இந்தப் பேச்சை நீங்கள் தொடங்கி வையுங்கள். எடுக்கலாமா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும்.